வெளிச்சுவரில் துருக்கறையா? பெயிண்ட் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பொங்கலுக்கு வெள்ளையடித்த மோட்டார் அறையில், அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் ஜன்னலுக்குக் கீழே பழுப்புக் கோடு இறங்கிவிடும். பெயிண்ட் சரியில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்வோம். பெரும்பாலும் தவறு பெயிண்டில் இல்லை. துரு கிளம்பும் இடத்தை விட்டுவிட்டுச் சுவருக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால், எத்தனை கோட் அடித்தாலும் கறை மேலே வந்துவிடும்.

எனவே முதலில் கறை தொடங்கும் இடத்தைப் பாருங்கள். ஜன்னல் கிரில், தகரக் கூரையின் போல்ட், குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப், சுவரில் அடித்த பழைய ஆணி என ஏதோ ஒரு இரும்பு அங்கே இருக்கும். தேவையில்லாத ஆணியைப் பிடுங்கி, துளையை அடைத்துவிடுங்கள். மற்றவற்றைக் கம்பி பிரஷ், உப்புத்தாள் கொண்டு நன்றாகத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், காய்ந்தபின் எனாமல் இரண்டு கோட் அடியுங்கள். கிரில் சுவருக்குள் நுழையும் மூலைகளைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் தங்குவது அங்கேதான்.

இரும்பே இல்லாத இடத்தில் கறை இருந்தால் போர் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். வெள்ளை வாளியில் பிடித்து ஒரு இரவு வைத்துப் பாருங்கள். அடியில் செம்பழுப்பு வண்டல் படிந்தால் தண்ணீரில் இரும்புச்சத்து அதிகம். கசியும் குழாயைச் சரிசெய்து, தண்ணீர் சுவரில் தெறிக்காமல் திருப்பி விடுங்கள்.

சன்ஷேட்டின் அடியிலோ தூணிலோ நீளவாக்கில் விரிசலும் அதன் வழியே பழுப்புக் கறையும் தெரிந்தால் அது பெயிண்ட் வேலை அல்ல. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருக்கிறது. காரை பெயர்ந்து தலையில் விழலாம். கீழே பிள்ளைகளை விளையாட விடாதீர்கள், மாடு கட்டாதீர்கள், கொத்தனாரை அழைத்துக் காட்டுங்கள். பொட்டாஷ் மூட்டைகளைச் சுவரை ஒட்டி அடுக்குவதும் இந்தத் துருவை வேகப்படுத்தும். அதில் உள்ள குளோரைடு ஈரத்தோடு சுவருக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கும். பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள்.

பழைய கறையை எடுக்க, ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கலந்து, பூசிப் பத்து நிமிடம் விட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இது விஷம். கையுறை, கண்ணாடி கட்டாயம். கழுவிய நீர் மாட்டுத் தொட்டிப் பக்கம் போகக் கூடாது. பிளீச்சிங் பவுடர் துருவை எடுக்காது. அமிலத்தோடு கலந்தால் நச்சு வாயு வரும். கழிப்பறை ஆசிட் சிமென்ட்டையே தின்றுவிடும்.

சிறுகல் பதித்த சொரசொரப்புச் சுவரில் பள்ளங்களில் ஈரம் அதிக நேரம் நிற்கும். அதனால் மார்கழிப் பனியில் அவசரப்படாமல், மாசி, பங்குனியில் சுவர் நன்கு காய்ந்தபின் சிமென்ட் பிரைமர் ஒன்று, வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட் அடியுங்கள். நீண்ட ரோமமுள்ள ரோலரால் உருட்டி, விட்டுப்போன பள்ளங்களைப் பிரஷால் குத்தி நிரப்புங்கள். வழவழப்பான சுவரைவிட இதற்குப் பெயிண்ட் கூடுதலாகவே இழுக்கும். கணக்குப் போடும்போது அதையும் சேர்த்தே வாங்குங்கள்.