படை திரள ஒரு வாரம்... உயிர் போகச் சில மணி! காரைக்காலைக் கலக்கிய காலரா சொல்லும் பாடம்

காரைக்கால்,

2022-ம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கம். மாங்கனித் திருவிழாவுக்கு ஊர் தயாராகிக் கொண்டிருந்த நேரம். திடீரென்று எங்கு பார்த்தாலும் வாந்தி-பேதி! நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சோதனையில் சிலருக்கு காலரா என்று தெரிந்தது.

ஜூலை 3-ந் தேதி காரைக்காலில் பொது சுகாதார அவசர நிலை அறிவிக்கப்பட்டது. பள்ளி, கல்லூரிகளுக்கு 3 நாள் விடுமுறை. "தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க" என்பதே ஊரெங்கும் பேச்சு.

இப்படி நோய் பரவும்போதெல்லாம் திண்ணையில் ஒரு கேள்வி எழும். "ஒரே வீடு, ஒரே குழாய்த் தண்ணி. தம்பி படுத்துட்டான், அண்ணனுக்கு ஒண்ணுமே ஆகலையே! அது எப்படிங்க?"

இதற்கு விடை அவரவர் வயிற்றுக்குள் இருக்கிறது.

வாசல் காவல்காரன்

காலராக் கிருமி மனிதக் கழிவு கலந்த தண்ணீர், உணவு வழியாக வருகிறது. வயிற்றில் அதற்காகக் காத்திருக்கிறது அமிலம். உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பாலானவை இந்த அமிலத்திலேயே செத்து விடும். கிருமி கொஞ்சமாக இருந்தால் கதை அத்தோடு முடிந்தது.

கிருமி ஏராளமாக இருந்தாலோ, அமிலம் குறைவாக இருந்தாலோ காவல் உடைந்தது! நெஞ்செரிச்சலுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களை காலரா எளிதில் பிடிப்பது இதனால்தான்.

வாசலில் நிற்கும் திருடன்

காலில் முள் குத்தினால் சீழ் வைக்கிறதே, அது என்ன? கிருமியோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்கள்தான். ரத்தத்தில் ரோந்து சுற்றும் இந்தச் சிப்பாய்கள், உடம்புக்குள் நுழையும் கிருமியை விழுங்கி விடும்.

காலராக் கிருமியோ தந்திரக்காரன். ரத்தத்துக்குள் நுழைவதே இல்லை. சிறுகுடலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, ஒரு நஞ்சைக் கக்குகிறது. 1959-ல் கல்கத்தா டாக்டர் சம்புநாத் டே இந்த நஞ்சைப் பற்றி உலகுக்குச் சொன்னார்.

நஞ்சு பட்டதும் குடல் அணுக்கள் உப்பையும் தண்ணீரையும் வெளியே கொட்டுகின்றன. அரிசி கழுவின தண்ணி மாதிரி பேதியாகும். நோய் கடுமையானால் மணிக்கு 1 லிட்டர் வரை கூடப் போகும்!

தாமதமாக வரும் படை

வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவு, கிருமியின் அங்க அடையாளம் பார்த்து அதற்கென்றே தனி ஆயுதம் செய்யும். அதுதான் எதிர்ப்புப் புரதம். குடலுக்குள் இறங்கி, கிருமியை ஒட்டவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் முதல் முறையாகப் பார்க்கும் கிருமிக்கு ஆயுதம் தயாராக ஒரு வாரமோ, அதற்கு மேலோ ஆகும். வைத்தியம் இல்லாவிட்டால் கடும் காலரா சில மணி நேரத்திலேயே ஆளை முடித்து விடும். உடம்பின் காவல்படை தோற்பது பலவீனத்தால் மட்டுமல்ல, நேரம் போதாததால்!

யாருக்கு ஆபத்து?

சத்துக் குறைந்த குழந்தைகளுக்குப் படையே மெலிந்திருக்கும். "ஓ" ரத்தப் பிரிவுக்காரர்களுக்கு நோய் கடுமையாவது அதிகம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு, தாயின் எதிர்ப்புப் புரதம் பாலோடு கிடைக்கிறது. ஆகவே பேதி வந்தாலும் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது.

உயிர் காத்த உப்பு-சர்க்கரை

படை திரளும் வரை உயிரைப் பிடித்து வைக்க வேண்டுமே, எப்படி?

1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காளம் பன்காவ் அகதி முகாமில் காலரா தாண்டவமாடியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்து போனது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுகோசும் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். 100-க்கு 30 பேர் வரை செத்த இடத்தில், சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது!

ரகசியம் இதுதான். நஞ்சு குடலை எவ்வளவு கெடுத்தாலும், சர்க்கரையை உள்ளே இழுக்கும் வழி அடைபடுவதில்லை. சர்க்கரை போகும்போது உப்பையும் கூட்டிப் போகும். உப்போடு தண்ணீரும் போகும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே சிறந்தது. அது இல்லாவிட்டால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தக்க வைத்தியம் கிடைத்தால் 100-ல் ஒருவர் கூடச் சாவதில்லை.

படை மறப்பதில்லை, ஆனால்...

ஒரு முறை கிருமியைப் பார்த்த படை அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை சீக்கிரம் கிளம்பும். வாய்வழி காலராத் தடுப்பு மருந்து செய்வதும் இந்த ஞாபகத்தை ஊட்டும் வேலையைத்தான்.

ஆனால் சில ஆண்டுகளில் அந்த ஞாபகம் மங்கி விடும். கழிவு கலந்த குழாய்த் தண்ணீரோ எந்த வருஷமும் வரலாம். தண்ணீரைக் காய்ச்சும் அடுப்பும், கையில் போடும் சோப்பும்தான் படைக்கு முன்னால் நிற்கும் படை!