ஒரு டாலருக்கு விலைபோன பத்திரிகை

நம்மவர் இல்லங்களில் யாருக்கேனும் உடல்நலம் குன்றினால் டாக்டரிடம் செல்கிறோம். அவர் எழுதித் தரும் சீட்டை மருந்துக் கடையில் நீட்டுகிறோம். பெற்றுவந்ததை வேளை தவறாது உட்கொள்கிறோம். அந்த மருந்து இந்த நோய்க்கு ஏற்றதென்று டாக்டருக்குச் சொன்னவர் யார் என்று நாம் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டே போனால், விடை பெரும்பாலும் ஏதேனும் ஒரு மருத்துவப் பத்திரிகையில் போய் நிற்கும். அதில் எதை அச்சிடுவது, எதைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்பவர் ஆசிரியர். அவரை அமர்த்துபவர்களும் அகற்றுபவர்களும் வேறு சிலர். கடல் கடந்து எங்கோ நடைபெறும் இந்த அமர்த்தலும் அகற்றலும் நம் வீட்டு மருந்துப் பெட்டிவரை வந்து எட்டுவன. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் தோன்றிய 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்' என்னும் பத்திரிகையின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

ஜான் காலின்ஸ் வாரன், ஜேம்ஸ் ஜாக்சன் என்னும் இரு மருத்துவர்கள் 1812-ஆம் ஆண்டில், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரும் ஏடாக இதனைத் தொடங்கினர். 1828-இல் வேறொரு வார ஏட்டுடன் இணைந்து, பெயரும் மாறி, வாரந்தோறும் வெளிவரலாயிற்று. 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி, மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பல் மருத்துவர் மார்ட்டன் என்பார் ஈதர் ஆவியைச் செலுத்த, நோயாளி வலியை அறியாது கிடக்க, கழுத்திலிருந்த கட்டியொன்று அறுத்து அகற்றப்பட்டது. கத்தியைப் பிடித்தவர் அந்த வாரனே. மயக்க மருந்து பற்றிய பிகலோவின் விரிவான கட்டுரை அடுத்த மாதமே இப்பத்திரிகையில் வெளிவந்தது. அறுவை என்றாலே நோயாளியைக் கட்டிப்பிடித்து அமுக்கிக்கொள்ள நான்கு ஆட்கள் வேண்டியிருந்த காலம் அத்துடன் முடிவுக்கு வரத் தொடங்கியது.

இத்துணைப் பெருமை பெற்ற ஏட்டை 1921-இல் மாசசூசெட்ஸ் மருத்துவச் சங்கம் என்ன விலைக்கு வாங்கிற்று தெரியுமா? ஒரே ஒரு டாலருக்கு! 1928-இல் இன்றுள்ள பெயர் சூட்டப்பெற்றது. சங்கம் உரிமையாளர், ஆசிரியர் அதன் ஊழியர் என்ற ஏற்பாடு அன்று யாருக்கும் இடர்ப்பாடாகத் தோன்றவில்லை. பத்திரிகை ஏழையாக இருக்கும்வரை அதற்காகச் சண்டையிட யார் வருவார்?

ஜோசப் கார்லண்ட் என்பவர் 1947-இல் ஆசிரியரானார். மறு ஆண்டு ஜூன் மாதம் சிட்னி பார்பர் எழுதிய கட்டுரை ஒன்றை அவர் வெளியிட்டார். இரத்தப் புற்றுநோயால் மடிந்துகொண்டிருந்த 16 குழந்தைகளுக்கு 'அமினோப்டெரின்' என்னும் மருந்தைக் கொடுத்ததில் 10 குழந்தைகளிடம் முன்னேற்றம் தென்பட்டதாக அது கூறிற்று. நோய் தணிந்தது சிறிது காலத்துக்கே. ஆயினும் மருந்து கொடுத்து அந்நோயை அடக்க முடியும் என்பதே அன்றைக்குப் புதுமை. அம்மருந்து உருவான லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்தவர். கதர் உடுத்தியதனால் பேராசிரியர் ஒருவரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார் என்பர். அக்கட்டுரை வெளிவந்த இரண்டு மாதங்களில், 1948 ஆகஸ்டில், அவர் காலமானார்.

கார்லண்டுக்குப் பின் 1967-இல் வந்தவர் பிரான்ஸ் இங்கெல்பிங்கர். ஜெர்மனியில் பிறந்தவர், உணவுக்குழல், குடல் நோய்களில் நிபுணர். வேறிடத்தில் முன்பே வெளிவந்த ஆராய்ச்சியைத் தம் பத்திரிகை ஏற்காது என்று அவர் 1969-இல் வகுத்த விதி அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. அதைக் காட்டிலும் அவருடைய இறுதிக் காலம் நம் நெஞ்சில் நிற்கிறது. தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த உணவுக்குழலிலேயே, அது இரைப்பையைச் சேரும் இடத்தில், அவருக்குப் புற்றுநோய் கண்டது. நாடெங்குமிருந்து மருத்துவ நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை அனுப்பினர். ஒன்றுக்கொன்று முரண்பட்ட அந்த யோசனைகளால் அவரும் குடும்பத்தாரும் செய்வதறியாது தவித்தனர். முடிவில் ஒரு நண்பர், உமக்கு வேண்டியது ஒரு டாக்டர் என்றாராம். ஆம், பொறுப்பேற்று, இதைச் செய் என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. அப்படி ஒருவரை அடைந்த பின்னரே மனம் அமைதியுற்றது என்று அவர் எழுதினார். அவர் மறைந்த 1980-ஆம் ஆண்டிலேயே அக்கட்டுரை அவருடைய பழைய பத்திரிகையில் வெளிவந்தது.

1977-இல் ஆசிரியரான ஆர்னால்டு ரெல்மன், மருத்துவம் வாணிகமாக மாறிவருவதைக் கண்டு எச்சரித்தவர். கட்டுரை எழுதுவோர் மருந்துக் கம்பெனிகளோடு தமக்குள்ள பணத்தொடர்பை வெளியிட வேண்டும் என்று 1984-இல் விதி செய்தார். நாம் அறிந்தவரை, இப்பத்திரிகை நோயாளிகளுக்குச் செய்த பேருதவிகளுள் இதுவும் ஒன்று.

அதற்குள் ஒரு டாலர்ப் பத்திரிகை பெருஞ்செல்வம் ஈட்டும் பத்திரிகையாகிவிட்டது. பெயருக்கு மதிப்பு ஏற ஏற, அப்பெயரைப் பிற வெளியீடுகளுக்கும் பயன்படுத்திக்கொள்ளச் சங்கத்தார் விரும்பினர். 1991 முதல் ஆசிரியராக இருந்த ஜெரோம் காசிரர் இதனை எதிர்த்தார். தம் மேற்பார்வைக்கு உட்படாத நூல்களும் ஏடுகளும் தம் பத்திரிகையின் பெயரைச் சூடிக்கொண்டு வந்தால், படிக்கும் டாக்டர்கள் ஏமாறுவர் என்பது அவர் வாதம். 1999 ஜூலையில் அவர் விலக்கப்படுவது அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியிலேதான் அமெரிக்க மருத்துவச் சங்கமும் தன் பத்திரிகையின் ஆசிரியராக 17 ஆண்டுகள் பணியாற்றிய ஜார்ஜ் லண்ட்பர்க்கை நீக்கியிருந்தது. ஒரே ஆண்டில் இரு பெரும் ஆசிரியர்கள் நாற்காலி இழந்தது மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தது.

காசிரருக்குப் பின் இடைக்காலப் பொறுப்பேற்றவர் மார்சியா ஏஞ்சல் அம்மையார். அப்பத்திரிகையின் தலைமை ஆசிரியராக அமர்ந்த முதற் பெண்மணி அவரே. பத்திரிகையின் பெயரைக் காக்கும் உரிமை குறித்து உறுதி பெற்றுக்கொண்ட பின்னரே அவர் இசைந்தார். 2000-ஆம் ஆண்டில் நுரையீரல் மருத்துவர் ஜெப்ரி டிரேசன் அவ்விடத்துக்கு வந்தார்.

உரிமையாளரிடமிருந்து ஆசிரியரைக் காத்துவிட்டால் போதுமா? வருமானம் என்று இன்னொன்று இருக்கிறதே! 2000 நவம்பரில், 'வயாக்ஸ்' என்னும் மூட்டுவலி மருந்து பற்றிய கட்டுரை இதில் வெளிவந்தது. அக்கட்டுரையின் மறுபதிப்பு 9 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாகவும், பெரும்பாலானவற்றை மருந்தை விற்ற கம்பெனியே வாங்கிற்று எனவும் 2006-இல் செய்தி வந்தது. மாரடைப்பு அபாயத்தால் 2004 செப்டம்பரில் கம்பெனி அம்மருந்தைத் திரும்பப் பெற்றது. அதே மருந்து நம் நாட்டிலும் 2004-இல் தடை செய்யப்பட்டது. அக்கட்டுரையில் மூன்று மாரடைப்புகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று 2005 டிசம்பரில் பத்திரிகை பகிரங்கமாக அறிவித்தது. அறிவித்தது மெச்சத்தக்கது, ஐந்தாண்டு கழித்து என்பது வருந்தத்தக்கது. மூட்டுவலிக்கு அம்மாத்திரையை நம்பி விழுங்கிய முதியோர் நம் குடும்பங்களிலும் இருந்திருப்பர் அல்லவா?

2019-இல் காசநோய் ஆராய்ச்சியாளர் எரிக் ரூபின் தலைமை ஆசிரியரானார். சில மாதங்களில் கொரோனாப் பெருந்தொற்று வந்தது. நம்பத்தகாத புள்ளிவிவரங்களின் மேல் எழுந்த ஒரு கட்டுரை 2020 மே மாதம் வெளியாகி, ஜூன் 4-ஆம் தேதி விலக்கிக்கொள்ளப்பட்டது. வயாக்ஸ் விவகாரத்தில் ஐந்தாண்டு ஆனதற்கு இங்கு ஐந்து வாரம். காசிரர் எதிர்த்த விரிவும் ஒருவாறு நடந்தேறிவிட்டது: 2022-இல் சிகிச்சை ஆய்வுகளுக்கென ஒன்றும், 2024-இல் செயற்கை அறிவு குறித்து மற்றொன்றும் அதே பெயரைத் தாங்கிப் பிறந்துள்ளன. ஆனால் பெயரைத் தாங்கும் ஏட்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்கும் வழக்கத்தை அவர் விட்டுச் சென்றிருக்கிறார்.

மருத்துவம் பயிலும் பிள்ளைகள் நம்மிடையே பலர் உளர். இப்பத்திரிகையின் ஆராய்ச்சிக் கட்டுரைகளை, வெளியாகி ஆறு மாதம் கழிந்தபின், பெயரைப் பதிவு செய்துகொண்டு கட்டணமின்றிக் கணினியில் படிக்க வசதி உண்டு. கட்டுரையின் இறுதியில் எழுதியவர்களின் பணத்தொடர்பு பற்றிய குறிப்பு இருக்கும். பிள்ளைகள் முதலில் அதைப் பார்த்துவிட்டு, பிறகு மேலே சென்று படிக்கட்டும்.