மன்னார்க் கடலைக் கடந்த நடிகர்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள கடல் ஏறக்குறைய 20 மைல் அகலமே உடையது. 1914 ஆம் ஆண்டு தொடக்கம் இவ்விரு துறைகளையும் நீராவிக் கப்பல் இணைத்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடிற்று. தமிழகத்து நாடகக் குழுவினர் ஈழத்துக்கு வந்த வழி இதுவே. பின்னாளில் திரைப்படங்களும் அக்கரையிலிருந்தே வந்து இங்குள்ள கொட்டகைகளை நிறைத்தன. எதிர்த்திசையில், இங்கே பெயர்பெற்று அங்கே சென்று நடிப்பால் வாழ்ந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ஏ. ஈ. மனோகரன்.

அவரது வரலாற்றில் மன்னாருக்கும் ஓர் இடம் உண்டு. முத்துக்கும் பெருக்க மரத்துக்கும் பெயர்போன மன்னார், கூத்துக்கும் பெயர்போன நாடாகும். கத்தோலிக்க நாட்டுக்கூத்து இங்கே மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு வகையாக வழங்குகின்றது. விடிய விடிய நிகழும் நாடகத்துக்கு அண்ணாவியாரே ஆசிரியர். ஐரோப்பியப் பேரரசன் ஒருவன் மேடைக்கு வந்தால் அவனுக்கு 'எம்பரதோர்' என்று பெயர். அச்சொல் 1560 இல் மன்னார்த் தீவைக் கைப்பற்றி 1658 வரை ஆண்ட போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து வந்தது. எம்பரதோராக இரவு முழுதும் பாடியவர் மறுநாள் வலையோடு கடலுக்கோ ஏரோடு வயலுக்கோ செல்வார். கலையால் மதிப்பு உண்டு, கூலி இல்லை. ஈழத்து நடிகனின் நிலை திரைப்படக் காலத்திலும் பெரிதும் மாறவில்லை என்பது கருதத்தக்கது.

மனோகரன் முதலில் மேடைப் பாடகராகவே அறியப்பட்டார். 1970களில் ஈழத்துத் தமிழ் இளைஞரிடையே பொப் இசை பெரும் செல்வாக்குப் பெற்றது. நித்தி கனகரத்தினம் முதலியோரோடு மனோகரனும் அதில் முன்னணியில் நின்றார். 'பொப் இசைச் சக்கரவர்த்தி' என்றும் அழைக்கப்பட்டார். அவருக்குப் புகழ் தந்த 'சுராங்கனி' தமிழும் சிங்களமும் கலந்த பாட்டு. மீன் கொண்டுவந்த செய்தியை ஒரு பெண்ணுக்குச் சொல்லும் எளிய பொருள், பைலா நடை. பைலா இசையும் போர்த்துக்கேயர் வழி வந்ததே. ஆகவே கூத்தின் எம்பரதோருக்கும் சுராங்கனிக்கும் தூரத்து உறவு உண்டு எனலாம்!

திரையிலும் அவர் முன்னரே கால் வைத்திருந்தார். இலங்கையின் முதல் தமிழ்ப் படமான 'சமுதாயம்' 1962 இலும், 'தோட்டக்காரி' 1963 இலும் வெளிவந்தன. 1966 இல் வந்த 'பாச நிலா'வில் மனோகரன் நடித்தார். எனினும் அவர் நடித்த ஈழத்துப் படங்களுள் இன்றும் பேசப்படுவது 1978 இல் வெளியான 'வாடைக்காற்று'. 1973 இல் வீரகேசரி வெளியீடாக வந்த செங்கை ஆழியானின் நாவலே அதன் மூலம். வாடைக்காற்றுக் காலத்தில் அயலூர் மீனவர் நெடுந்தீவுக்கு வந்து வாடி அமைக்கின்றனர், தொழிற்போட்டி மூள்கிறது, காதலும் அதனோடு சிக்குண்கிறது. பிரேம்நாத் மொறாயஸ் படத்தை இயக்கினார். நெடுந்தீவுக் கதைக்கு மன்னார்த் தீவின் பேசாலைக் கடற்கரை களமாயிற்று. அரங்கம் கட்டி உருவாக்கிய கடற்கரையன்று அது. மெய்யாகவே மீனவர் வாழும் கரை. மனோகரனோடு இந்திரகுமார், சந்திரகலா, ஆனந்தராணி, ஜவாஹர் ஆகியோர் நடித்தனர். ஈழத்தவர் தம் பேச்சையும் தம் கடலையும் திரையில் கண்ட படங்களுள் இதற்குத் தனியிடம் உண்டு.

ஆயினும், நல்ல படமொன்று நடிகனுக்குச் சோறு போடுமா? ஈழத்துத் தமிழ்ப் படங்கள் ஆண்டுக்கு ஒன்றோ சிலவோ வந்தன. இவை சென்னையின் பெருநடிகர் படங்களோடு அதே கொட்டகைகளில் போட்டியிட வேண்டியிருந்தது. இதற்கிடையே 'சுராங்கனி' இசை மனோகரனுக்கு முன்னரே கடல் கடந்து, 1977 இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் தமிழகப் படத்தில் இடம்பெற்றுவிட்டது. பின்னர் மனோகரனும் சென்னை சென்றார்.

அங்கே அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் வில்லன் வேடங்கள். தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கு, கன்னடம், இந்தி மொழிகளிலும் நடித்தார். பிற்காலத்தில் தொலைக்காட்சித் தொடர்களிலும் தோன்றினார். குரலால் புகழ்பெற்றவரிடம் அத்திரையுலகம் பெரிதும் வேண்டியது அவரது தோற்றத்தையே. நாயகனிடம் அடிபட்டு வீழ்ந்த அவ்வுருவம் ஒரு காலத்தில் ஈழத்து மேடைகளை ஆடவைத்தது என்பதைத் தமிழக இரசிகருள் எத்தனை பேர் அறிந்திருப்பர்? பேசாலையில் கிடைத்ததுபோன்ற, சொந்த மண்ணின் மாந்தனாக நிற்கும் வாய்ப்பு அங்கே அவருக்கு அரிதாகவே இருந்தது. அதற்குரிய திரையுலகம் ஈழத்திலும் வளரவில்லை. 1983 இன் வன்செயல்களும் அதன்பின் வந்த போரும் அதனை மேலும் நலிவித்தன. தலைமன்னார்க் கப்பலும் நின்றது.

தமிழகத்தில் அவர் 'சிலோன் மனோகர்' என்றே அறியப்பட்டார். 1972 இல் நாடு தன் பெயரைச் சிறீலங்கா என மாற்றிக்கொண்டது. அவர் பெயரின் முன் நின்ற 'சிலோன்' மட்டும், 2018 சனவரி 22 ஆம் நாள் சென்னையில் அவர் காலமாகும் வரை மாறவேயில்லை.