வாடகை இல்லமும் அங்கவீனரும்

வீடென்பது சுவராலும் கூரையாலும் மாத்திரம் ஆவதன்று. அதன்கண் வாழ்வோர் வாயிலைக் கடக்கவும், நீராடவும், உணவு சமைக்கவும், துயிலவும் இயலுமாயினன்றோ அது வீடாகும்? கால் வலியிழந்த ஒருவருக்கு வாயிலிலுள்ள இரண்டு படிகளே சிறைக்கதவாதல் கூடும். சொந்த வீட்டினர் அப்படிகளை நீக்கிச் சாய்தளம் அமைத்துக்கொள்வர். வாடகைக்கு இருப்போரோ தமதல்லாத சுவரிலே ஒரு கைபிடிக் கம்பி பொருத்துவதற்கும் பிறர் இசைவை வேண்டிநிற்பர். இவ்விடர்ப்பாட்டினை இங்கிலாந்து தேசம் சட்டத்தினால் எங்ஙனம் தீர்க்க முற்பட்டதென்பதை ஈண்டு நோக்குவாம்.

1970-ம் ஆண்டிலே அல்பிரட் மொறிஸ் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் தனியங்கத்தவர் மசோதாவாகக் கொணர்ந்து நிறைவேற்றுவித்த சட்டம், நாட்பட்ட நோயாளரும் அங்கவீனரும் வாழும் இல்லங்களைத் திருத்தியமைக்க உதவுங் கடமையினை உள்ளூராட்சி மன்றங்கள்மீது சுமத்திற்று. 1989-ம் ஆண்டுச் சட்டமொன்று அங்கவீனர் வசதி நன்கொடை என்பதனை ஏற்படுத்தியது. இன்று அதனை ஆள்வது 1996-ம் ஆண்டின் வீடமைப்பு நன்கொடைச் சட்டமாகும். வீட்டுச் சொந்தக்காரரேயன்றி வாடகைக் குடியினரும் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதே இங்கு முக்கியமாகக் கருதற்பாலது.

இந்நன்கொடை எவ்வெவற்றுக்கு உரியது? வீட்டினுள்ளும் தோட்டத்தினுள்ளும் சென்றுவருதல், படுக்கையறை, மலசலகூடம், குளிக்கும் இடம் ஆகியவற்றை அடைதல், சமைத்தல், குளிர்காலத்தில் வீட்டை வெப்பமாக வைத்தல் என்னும் தேவைகளுக்கான வேலைகள் இதனுள் அடங்கும். வேலை அவசியமானதும் பொருத்தமானதுமா என்பது முதல் வினா. இதற்கு விடைகாணப் பெரும்பாலும் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்வையிடுவர். அவ்வீட்டின் வயதும் நிலையும் நோக்குமிடத்து அது நியாயமானதும் செய்யத்தக்கதுமா என்பது இரண்டாம் வினா. 2008-ம் ஆண்டு தொடக்கம் இங்கிலாந்தில் இதன் உச்சவரம்பு 30,000 பவுணாகும். வளர்ந்தோராயின் அவர்தம் வருவாயும் சேமிப்பும் கணிக்கப்படும். சிறுவர் பொருட்டு வேண்டப்படின் அக்கணிப்பு இல்லை. 1,000 பவுணுக்கு மேற்படாத சிறு திருத்தங்களோ, தேவையென மதிப்பிடப்படின், இந்நன்கொடையின்றியே இலவசமாகச் செய்யப்படும்.

முறையான விண்ணப்பம் கிடைத்து 6 மாதங்களுக்குள் மன்றம் முடிவு கூறுதல் வேண்டும். அம்முடிவுக்கு முன் வேலையைத் தொடங்குவோர் பொதுவாக நன்கொடையை இழப்பர். ஆதலின் மதிப்பீடு, இசைவு, விண்ணப்பம், அங்கீகாரம், வேலை என்னும் இவ்வொழுங்கு பிறழாதிருத்தல் நன்று.

இனி, இசைவு பற்றிச் சிறிது கூறுவாம். சொந்தக்காரர் தம் செலவிலே கட்டடத்தின் அமைப்பை மாற்றவேண்டுமென 2010-ம் ஆண்டின் சமத்துவச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் தண்ணீர்க்குழாய்த் திருகி, கதவுப்பிடி, அழைப்புமணி போன்றவற்றை மாற்றுதல் அமைப்பு மாற்றமாகக் கொள்ளப்படமாட்டாது. அவற்றை மாற்றித்தருமாறு குடியினர் கேட்கலாம். சொந்தக்காரரின் இசைவுடன் திருத்தஞ் செய்யலாமென ஒப்பந்தம் இடந்தருமாயின், அங்கவீனர் வேண்டும் திருத்தத்துக்குத் தக்க காரணமின்றி அவர் இசைவு மறுத்தலாகாது. தமது மறுப்பு நியாயமானதென நிறுவும் பொறுப்பும் அவரையே சாரும்.

இத்துணைச் சட்டங்கள் இருந்தும் குடியினர் பலர் வாய்திறந்து கேட்க அஞ்சியது ஏன்? நன்கொடை கேட்போர் 5 ஆண்டுகள் அவ்வீட்டிலே வாழும் எண்ணமுடையர் எனச் சான்று பகரவேண்டும். உடல்நிலை காரணமாக அக்காலம் குறைதல் கூடும். சொந்தக்காரரும் பொதுவாக அதற்கிசைந்த சான்றொன்று அளித்தல் வேண்டும். ஆனால் 1988-ம் ஆண்டின் வீடமைப்புச் சட்டமோ, குறித்த தவணை முடிந்தபின் காரணங் கூறாமலே 2 மாத அறிவித்தலுடன் குடியெழுப்பும் வழியைச் சொந்தக்காரருக்கு அளித்திருந்தது. ஒரு சட்டம் ஐந்தாண்டு எண்ணத்தை வினவ, மற்றொரு சட்டம் இரு மாத உறுதியையே நல்கிற்று. கைபிடிக் கம்பியைக் கேட்டு வீட்டையே இழத்தலினும், கேளாதிருந்து இடர்ப்படுதல் மேலெனப் பலர் எண்ணியதில் வியப்பென்ன?

2025-ம் ஆண்டில் நிறைவேறிய வாடகைக் குடியினர் உரிமைச் சட்டம், 2026 மே முதலாந் தேதி தொடக்கம் தனியார் வாடகை வீடுகளில் அக்காரணமிலாக் குடியெழுப்புதலை ஒழிக்க விதி செய்தது. விற்பதற்கோ தாமே குடியிருப்பதற்கோ வீட்டை மீட்கும் வழிகள் சொந்தக்காரருக்கு இன்னும் உள; எனினும் அவர் காரணத்தைக் கூறியே தீரவேண்டும்.

இதனாற் பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. பொருளுதவியை மாத்திரம் அளித்தல் போதாது. அதனைக் கேட்டதனால் இருப்பிடம் பறிபோகாதென்னும் உறுதியையும் அளித்தல் வேண்டும். அவ்வுறுதியில்லாதவிடத்து மிக நல்ல நன்கொடையும் ஏட்டளவில் நின்றுவிடும்; வாயிற்படிகளும் நின்றபடியே நிற்கும்.