காருக்குள் ஒரு கண்கொத்தி!

இரவில் கார் ஓட்டுகிறவர் எதிரே வரும் லாரியின் வெளிச்சத்தைத் திட்டுவார். கண் கூசுகிறதே என்று முகத்தைச் சுளிப்பார். ஆனால் தன் காருக்குள்ளேயே, தன் மூக்குக்கு நேரே, ஒரு விளக்கு கண்ணைக் கொத்திக்கொண்டிருப்பதை அவர் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

அது கடுகளவு விளக்கு. நீல நிறம். லாரியாவது சில நொடிகளில் கடந்து போய்விடும். இது ஊர் போய்ச் சேரும்வரை கூடவே வரும்!

ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் பலகையை டேஷ்போர்டு என்கிறோம். வேகம் எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு, எஞ்சின் சூடு எவ்வளவு என்று காட்டும் முள்கள் அங்கே இருக்கின்றன. அவற்றோடு சின்னச் சின்ன அடையாள விளக்குகளும் உண்டு. சிவப்பு எரிந்தால் ஆபத்து. மஞ்சள் எரிந்தால் கவனி. பச்சை, திரும்புவதற்குக் காட்டும் சிக்னல். நீலம் எரிந்தால், ஹெட்லைட் "பிரைட்"டில் இருக்கிறது என்று பொருள். மோட்டார் சைக்கிளிலும் இதே ஏற்பாடுதான்.

வெளியே கும்மிருட்டு. உள்ளே இந்த விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. இதனால் என்ன கெடுதல்?

சினிமாக் கொட்டகை அனுபவம்

பகல் காட்சிக்குப் படம் தொடங்கிய பிறகு போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. யார் காலையாவது மிதித்துவிட்டு, "மன்னிக்கணும்" என்று சொல்லித் தடவித் தடவித்தான் நாற்காலியைப் பிடிக்க வேண்டும். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் பக்கத்து ஆசாமியின் மீசைகூடத் தெரிகிறது! கொட்டகையில் வெளிச்சம் கூடவில்லை. கண்தான் இருட்டுக்குப் பழகியிருக்கிறது.

கண்ணின் உட்திரையில் இரண்டு வகை அணுக்கள் இருக்கின்றன. ஒரு வகை கூம்பு போல இருக்கும். சுமார் 60 லட்சம். பகலில் பார்ப்பதற்கும் நிறங்களைப் பிரித்தறிவதற்கும் அவை வேண்டும். மற்றொரு வகை கோல் போல இருக்கும். சுமார் 12 கோடி! மங்கிய ஒளியில் வேலை செய்வன இவையே. இவற்றுக்கு நிறம் தெரியாது. இரவில் எல்லாப் பசுவும் சாம்பல் நிறமாகத் தோன்றுவது இதனால்தான்.

கோல் அணுக்களுக்குள் ஒளியை வாங்கும் பொருள் ஒன்று உண்டு. அது வைட்டமின் ஏ சத்திலிருந்து உண்டாவது. அந்தச் சத்துக் குறைந்தால் மாலைக்கண் வருவதும், முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்வதும் இதை வைத்துத்தான். நல்ல வெளிச்சம் பட்டால் இந்தப் பொருள் சிதைந்துவிடும். இருட்டில் மெல்ல மெல்லத் திரும்ப ஊறும். முழுவதும் ஊற அரை மணி நேரம் ஆகும். ஆக, கெடுவது நொடியில். சேருவது அரை மணியில்.

இந்தக் கோல் அணுக்களுக்கு நீலப்பச்சை ஒளி மிக நன்றாகத் தெரியும். சிவப்பு ஒளி தெரியவே தெரியாது என்று சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப் போரில் இரவில் பறக்க வேண்டிய அமெரிக்க விமானிகள், புறப்படுவதற்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிவப்புக் கண்ணாடி வழியாகப் படிக்கலாம், பேசலாம். அதே சமயம் கோல் அணுக்கள் இருட்டுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும்.

இரண்டேகால் விநாடி

"காருக்குத்தான் ஹெட்லைட் இருக்கிறதே, கண் எதற்கு இருட்டுக்குப் பழக வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காரோட்டியின் கண் முழு இருட்டுக்கு ஒருபோதும் பழகுவதில்லை, அரைகுறையாகத்தான் பழகும். ஆனால் ஆபத்து இருப்பது ஹெட்லைட் விழும் இடத்தில் இல்லை. அந்த ஒளி மங்கி முடிகிற விளிம்பில் இருக்கிறது. கறுப்புப் போர்வை போர்த்தி ரோட்டைக் கடக்கும் கிழவர், பின்விளக்கு இல்லாத டிராக்டர், தார் ரோட்டின் சூட்டுக்குப் படுத்திருக்கும் எருமை — எல்லாம் அந்த விளிம்பில்தான் முதலில் தோன்றும்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 22 மீட்டர். "டிம்" வெளிச்சம் ஏறக்குறைய 50 மீட்டர் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தத் தூரம் இரண்டேகால் விநாடியில் தீர்ந்து போகும். அதற்குள் கண் பார்க்க வேண்டும், மனம் உணர வேண்டும், கால் பிரேக்கை மிதிக்க வேண்டும். நீல விளக்கோடு மல்லுக்கட்டும் கண்ணுக்கு இதில் அரை விநாடி போனாலும் 11 மீட்டர் போயிற்று!

இன்னொரு தொல்லையும் உண்டு. டேஷ்போர்டின் ஒளி முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பும். கண்ணாடியில் தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் மெல்லிய திரை கட்டியது போல ஆகிவிடும்.

வயதானவர்களுக்குக் கஷ்டம் அதிகம். இளவயதில் இருட்டில் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். எழுபதைத் தாண்டியவர்களுக்குச் சுமார் 5 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். கண்புரை தொடங்கியிருந்தால், உள்ளே போகும் ஒளி சிதறிப் பரவி எல்லாவற்றையும் மங்கலாக்கும். "அப்பா இப்போதெல்லாம் ராத்திரியில் வண்டி எடுக்கப் பயப்படுகிறார்" என்று வீட்டில் கேலி செய்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஒரே ஆண்டில் இரண்டு புதுமை

முன்பெல்லாம் இந்த நீல விளக்கு இவ்வளவு குத்தியதில்லை. அந்தக் காலத்தில் உள்ளே ஒரு குட்டி பல்பு. அதன் மேல் நீலக் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக். பல்பு தரும் மஞ்சள் ஒளியில் நீலம் கொஞ்சம்தான். ஆகவே வெளியே வந்தது மங்கலான நீலம். அது கண்ணுக்கு இதமாக இருந்தது.

1993-இல் ஜப்பானில், நிச்சியா என்ற கம்பெனியில் வேலை பார்த்த ஷுஜி நகமுரா, பளிச்சென்று எரியும் நீல எல்.இ.டி. விளக்கைக் கொண்டுவந்தார். அதற்கு வழிகோலியவர்கள் அகசாகி, அமானோ என்ற இருவர். மூவருக்கும் 2014-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. வீடுகளில் இன்று எரியும் வெள்ளை எல்.இ.டி. பல்புகள் அந்த நீல விளக்கின் பிள்ளைகளே. ஆனால் அதே விளக்கு டேஷ்போர்டுக்குள் குடியேறியபோது வந்தது வம்பு. பகல் வெயிலிலும் தெரிய வேண்டும் என்று அதைப் பிரகாசமாக வைக்கிறார்கள். ராத்திரியில் அது ஊசியாகிவிடுகிறது.

அதே 1993-இல் சுவீடன் நாட்டில் நேர்மாறான காரியம் நடந்தது. சாப் என்ற கம்பெனி, 1937-இல் விமானம் கட்டத் தொடங்கிப் பிறகு கார் கட்ட வந்த கம்பெனி. அது வெளியிட்ட புதிய "சாப் 900" காரில் ஒரு பொத்தான் இருந்தது. ராத்திரியில் அதை அழுத்தினால் டேஷ்போர்டே இருண்டுவிடும்! வேகம் காட்டும் வட்டம் மட்டும் தெரியும். அதுவும் 140 வரைதான். பெட்ரோல் குறைந்தாலோ எஞ்சின் சூடேறினாலோ அதற்குரிய முள் தானே வெளிச்சத்துக்கு வரும். வேண்டாதபோது மறைந்திருந்து, வேண்டும்போது வந்து நிற்கும் நல்ல வேலைக்காரனைப் போல! அந்தக் கார் கம்பெனி 2011-இல் திவாலாகிவிட்டது. பொத்தான் மட்டும் பலர் நினைவில் நிற்கிறது.

பொட்டு வைத்தால் போதும்

பல கார்களில் டேஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைக்க ஒரு சிறு சக்கரமோ பொத்தானோ இருக்கிறது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், ஹெட்லைட் சுவிட்சை ஒட்டித் தேடினால் அகப்படும். வாங்கிய நாள் முதல் அதைத் தொடாதவர்களே அதிகம். இருட்டான இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, எண்கள் படிக்க முடிகிற மட்டும் விட்டுவிட்டு மீதியைக் குறைத்துவிட வேண்டும். புது மாதிரி பெரிய திரை உள்ள கார்களில் திரைக்கும் தனியாக இரவு வெளிச்சம் உண்டு. வழி காட்டும் செல்போனையும் மறந்துவிடக் கூடாது. அதுதான் இன்று எல்லாவற்றையும் விடப் பெரிய விளக்கு.

சிக்கல் என்னவென்றால், பல வண்டிகளில் இந்தச் சக்கரம் முள்களின் ஒளியைக் குறைக்கும். அடையாள விளக்குகளைக் குறைக்காது. மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் சக்கரமே கிடையாது. அவற்றுக்குக் கைவைத்தியம்தான். மங்கலான டேப் துண்டு ஒன்றை நீல விளக்கின் மேல் ஒட்டலாம். இல்லையென்றால் வீட்டில் ஸ்டிக்கர் பொட்டு இருக்கிறது. நடுவில் ஊசியால் ஒரு துளை போட்டு ஒட்டினால் நீலம் புள்ளியாக மட்டும் தெரியும். எதிரே வருகிறவரின் கண் கூசாமலிருக்க ஹெட்லைட்டின் நடுவில் கறுப்புப் பொட்டு வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் வெகுகாலமாக உண்டு. இது ஓட்டுகிறவர் தமக்கு வைத்துக்கொள்ளும் பொட்டு.

துளை போடாமல் முழுவதும் மூடிவிடக் கூடாது. "பிரைட்" எரிவதை மறந்துவிட்டால் எதிரே வருகிறவர் குருடாகிவிடுவார். இந்த விளக்கு இருந்தே ஆக வேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. சிவப்பு விளக்குகளில் எதையும் தொடக் கூடாது. தொல்லை என்று பல்பைப் பிடுங்குவது இன்னும் மோசம். பழைய வண்டிகள் பலவற்றில் பாட்டரிச் சின்னம் போட்ட பல்பு வழியாகப் போகும் மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. அந்தப் பல்பைப் பிடுங்கினால் பாட்டரி சார்ஜ் ஏறாது. நடுக்காட்டில் வண்டி நின்றுவிடும்.

கனடாவின் பேய் வண்டிகள்

பளபளக்கும் டேஷ்போர்டு இன்னொரு விதத்திலும் ஏமாற்றுகிறது. முன்பு ஹெட்லைட் போட்டால்தான் டேஷ்போர்டிலும் விளக்கு வரும். இன்றைய கார்களில் எஞ்சினைக் கிளப்பியதுமே டேஷ்போர்டு ஜொலிக்கிறது. முன்னால் பகல் விளக்குகள் வேறு தாமாக எரியும். ஓட்டுகிறவர் எல்லா விளக்கும் எரிகிறது என்று நம்பிப் போய்விடுவார். பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட எரியாது! இப்படி இருட்டோடு இருட்டாகப் போகும் கார்களைக் கனடாவில் "பேய் வண்டிகள்" என்றே அழைத்தார்கள்.

கனடா அரசு இதற்கு விதி போட்டது. 2021 செப்டம்பர் முதல் அங்கே விற்கும் புதிய வண்டிகளுக்கு மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். பகல் விளக்கு எரியும்போது பின்விளக்கும் சேர்ந்து எரிய வேண்டும். அல்லது, இருட்டானதும் எல்லா விளக்கும் தாமாக எரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால், ஓட்டுகிறவர் விளக்கைப் போடும்வரை டேஷ்போர்டு இருட்டாகவே கிடக்க வேண்டும். வேகம் தெரியாவிட்டால் அவரே சுவிட்சைத் தேடுவார்.