செங்கல் தூக்காதவருக்கு ஏன் காசு?

டூட்டிங்கில் நாம் குடியிருக்கும் தொடர்மாடியில் போன வருடம் நடைபாதைகளின் கொங்கிறீற் திருத்தினார்கள். வேலை தொடங்குமுன், அங்கே வீடு வாங்கியிருந்தவர்களுக்கு ஒரு கடிதம் வந்தது. சாரம் கட்ட இவ்வளவு, சீமெந்து வேலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, கடைசியில் ஆலோசனைப் பொறியியலாளர் கட்டணம் என்றும் ஒரு தொகை இருந்தது.

மேல்மாடி மாமி எம்மைப் படிக்கட்டில் மறித்துக் கேட்டார். "தம்பி, கல்லுத் தூக்கிறவனுக்குக் காசு குடுக்கலாம். பேப்பரோட வந்து நிக்கிறவருக்கு நாங்கள் ஏன் குடுக்கவேணும்?"

எமக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. நாமும் கையால் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். பதில் சொல்லத் தெரியாமல் சிரித்துவிட்டு வந்தோம்.

சில வாரங்கள் கழித்து, இரவு வேலை முடித்து வந்த ஒரு காலையில் அவரைக் கண்டோம். மஞ்சள் மேலங்கி போட்டிருந்தார்; கையில் ஒரு சின்னச் சுத்தியல். புதிதாகப் பூசிய இடத்தை அடிக்கு அடி தட்டிக்கொண்டு போனார். ஊர்ச் சந்தையில் மண்சட்டி வாங்கும்போது அம்மா விரலால் தட்டிப் பார்ப்பாரே, அதே மாதிரி. ஓரிடத்தில் சத்தம் மாறியது. சோக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். அப்படி மூன்று வட்டங்கள். கொந்தராத்து ஆட்களின் முகம் கறுத்தது. அடுத்த கிழமை அந்த மூன்று இடங்களையும் உடைத்துத் திரும்பச் செய்தார்கள். பழைய கொங்கிறீற்றோடு புதுப்பூச்சு ஒட்டாமல் உள்ளே வெற்றிடம் இருந்ததாம். மழைத்தண்ணீர் இறங்கி உறைந்தால், சில மாரிகாலத்தில் அது கட்டி கட்டியாகக் கழன்று விழும். கீழேதான் எங்கள் பிள்ளைகள் சைக்கிள் ஓடுகிறார்கள்.

மாமியின் கேள்விக்கு அன்றுதான் எமக்குப் பதில் கிடைத்தது.

எமது தொழிற்சாலையில் சாமான் செய்கிறவரே அதைச் சரியென்று விட முடியாது. சோதிக்கிறவர் வேறொருவர். எத்தனை சாமான் முடிந்தது என்பதை வைத்து அவருக்குச் சம்பளம் இல்லை. ஆகவே பழுதானதைத் தள்ளிவைக்க அவருக்குத் தயக்கமில்லை. கட்டட வேலையிலும் இதே ஒழுங்குதான். என்ன வேலை, எவ்வளவு பணம் என்று கவுன்சில் தீர்மானிக்கும். கொந்தராத்துக்காரர் செய்வார். இருவருக்கும் நடுவில் நிற்பவர் பொறியியலாளர். அவர் முதலில் இடத்தைப் பரிசோதித்து, பாரம் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட்டு, வரைபடம் கீறி, எந்தச் சாமான் எந்தத் தரத்தில் வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். கொந்தராத்துக்காரர்கள் கேட்கும் விலைகளைப் பார்த்துக் கவுன்சிலுக்கு ஆலோசனை சொல்வார். வேலை நடக்கும்போது வந்து பார்ப்பார். வேலை சரி என்று அவரோ அதற்கென்று நியமிக்கப்பட்ட இன்னொருவரோ கையெழுத்து வைத்தால்தான் கொந்தராத்துக்காரருக்குப் பணம் போகும். அதிலும் பெரும்பாலும் ஒரு சிறு பங்கை நிறுத்திவைத்து, பிறகு பழுது தெரிந்தால் திருத்திய பின்னரே கொடுப்பார்கள்.

இந்தக் கண் ஒழுங்காகப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு எமக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. விம்பிள்டன் சென் மேரிஸ் தேவாலய வளவில் ஜோசப் பசல்ஜெற் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1842இல் வெஸ்ற்மின்ஸ்ரரில் ஆலோசனைப் பொறியியலாளராகத் தொழில் தொடங்கியவர். 1856இல் லண்டன் மாநகர வேலைச் சபையின் பிரதம பொறியியலாளர் ஆனார். அப்போது நகரத்தின் கழிவெல்லாம் தேம்ஸ் ஆற்றில் விழுந்தது. கொலரா திரும்பத் திரும்ப வந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1858 கோடையில் ஆற்று நாற்றம் தாங்காமல் பாராளுமன்றமே திணறியது. பணம் திரட்டச் சட்டம் உடனே வந்தது. அவருடைய திட்டத்தில் பிரதான கழிவுக் கால்வாய்கள் மட்டும் 82 மைல். போட்லண்ட் சீமெந்து அந்நாளில் புதிய பொருள், பலரும் நம்பவில்லை. அவரும் அவருடைய உதவிப் பொறியியலாளர்களும் வந்த சீமெந்தைச் சோதித்துப் பார்த்தே வேலைக்கு எடுத்தார்கள். 1866இல் லண்டனில் கடைசியாகக் கொலரா பரவியபோது, அது கூடத் தாக்கியது இந்த வேலை முடியாதிருந்த கிழக்குப் பகுதியைத்தான். அந்தக் கால்வாய்கள் இன்றைக்கும் வேலை செய்கின்றன.

கண் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கும் லண்டனில் சாட்சி உண்டு. கிழக்கு லண்டனில் நியூஹாம் கவுன்சிலுக்காகக் கட்டிய 22 மாடிக் கட்டடம் ரோனன் பொயின்ற். சனங்கள் குடிவந்து சில மாதங்கள் கூட ஆகவில்லை. 1968 மே 16ஆம் திகதி விடியற்காலை, 18ஆம் மாடியில் ஒரு பெண் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. அடுப்புக் குழாயைப் பூட்டிய பித்தளை நட் ஒன்று தரம் குறைந்ததாம். அந்தப் பெண் தப்பினார். ஆனால் ஒரு சுவர் வெளியே தள்ளப்பட, அதைத் தாங்கலாகக் கொண்ட மேல்மாடிகள் விழுந்து, அந்தப் பாரத்தில் அந்த மூலை அடிவரை சரிந்தது. நால்வர் இறந்தார்கள். 1986இல் அதைக் கழற்றியபோது, சாந்து இருக்கவேண்டிய மூட்டுகளில் பத்திரிகைத் தாள்கள் திணித்திருக்கக் கண்டார்கள். ஓரிடம் உடைந்தால் முழுக் கட்டடமும் சரியக்கூடாது என்ற விதி 1970இல்தான் வந்தது.

அதன்பிறகும் பாடம் முழுதாகப் படியவில்லை. 2017 யூன் 14ஆம் திகதி கிறென்பெல் தொடர்மாடித் தீயில் 72 பேர் மாண்டார்கள். பல நாடுகளிலிருந்து எம்மைப்போல வந்த குடும்பங்கள் அதில் இருந்தன. 2024 செப்டெம்பரில் வெளிவந்த விசாரணை அறிக்கை, திருத்த வேலைக்கான தீப்பாதுகாப்பு ஆலோசகர்களின் அறிக்கை இறுதிவரை முடிக்கப்படவே இல்லை என்று சொன்னது. மற்றவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள். குடியிருந்தவர்கள் முன்பே எச்சரித்தும் கேட்பாரில்லை.

ஆகவே ஆலோசகருக்குக் காசு கட்டினால் மட்டும் போதாது. அவர் வந்து பார்க்கிறாரா என்று நாமும் பார்க்கவேண்டும். ஆங்கிலக் கடிதத்தை லாச்சிக்குள் போடும் பழக்கம் எம்மவரிடம் உண்டு. கவுன்சிலிடம் வாங்கிய வீடானால், ஒரு வீட்டுக்கு 250 பவுணுக்கு மேல் செலவு வரும் திருத்த வேலை பற்றி முன்கூட்டியே அறிவித்து, கருத்துச் சொல்ல 30 நாட்கள் தரவேண்டும். விலைக் கணக்குகளைப் பார்க்கவும் கேட்கலாம். வாடகைக்கு இருப்பவர்களும் கேள்வி கேட்கலாம். ஏழு மாடி அல்லது 18 மீற்றர் உயரத்துக்குக் குறையாத கட்டடமென்றால், 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதன் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கவேண்டும். குடியிருப்போரின் முறைப்பாட்டை அவர் கேட்டாக வேண்டும்.

கேட்க வேண்டியது பெரிய இங்கிலீசு அல்ல. வேலையைச் சோதிக்கிறவர் யார்? கொந்தராத்துக்காரரின் ஆளா, கவுன்சிலின் ஆளா? எப்போது வருவார்? என்ன கண்டார்? இந்த நாலு கேள்வியும் போதும். எழுத முடியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லி எழுதுவிக்கலாம்.

மாமிக்கு இதையெல்லாம் சொன்னோம். கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப அவர் திரும்ப வரேக்க சொல்லு தம்பி. என்ர வாசலடியையும் ஒருக்கால் தட்டிப் பாக்கச் சொல்லவேணும்."