உங்களுக்குத் தெரியுமா? நாஸ் பேக்கப் ஏன் இழுக்கிறது?

வீட்டிலோ ஸ்டுடியோவிலோ நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்பு) பெட்டி வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் கேட்டே தீரும் கேள்வி: “காப்பி ஆக ஏன் இவ்வளவு நேரம்?” பதில் பல சமயம் திரையில் ஓடும் வேக எண்ணிலேயே இருக்கிறது.

● கடையில் சொல்லும் ‘ஒரு ஜிகா’ பிட் கணக்கு. திரையில் தெரிவது பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 1 ஜிகாபிட் என்பது நொடிக்கு 125 மெகாபைட்தான். முகவரி, சரிபார்ப்பு என ஒவ்வொரு பாக்கெட்டும் சுமக்கும் கூடுதல் தகவலைக் கழித்தால் 110 முதல் 118 வரை மிஞ்சும். உங்கள் திரை 112 காட்டினால் குறை ஒன்றும் இல்லை. அந்த இணைப்பு தன் உச்சத்தில் ஓடுகிறது.

● வேகம் 11, 12 மெகாபைட்டைத் தாண்டவே மறுக்கிறதா? முதலில் கேபிளைப் பாருங்கள். 100 மெகாபிட் இணைப்புக்கு உள்ளே இருக்கும் 8 கம்பிகளில் 4 போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். பிளக்கில் ஒரு கம்பி சரியாகப் படியாவிட்டாலும் பல சாதனங்கள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. இரண்டரை மணி நேரத்தில் முடிய வேண்டிய 1 டெராபைட் பேக்கப், ஒரு நாளைத் தாண்டி ஓடும்.

● 35, 40 மெகாபைட்டில் நின்றால் சந்தேகம் யூஎஸ்பி 2.0 மேல். பெயரளவில் அதன் வேகம் 480 மெகாபிட்; நடைமுறையில் கிடைப்பது இவ்வளவே. புதிய வெளிவட்டைப் பழைய போர்ட்டில் செருகினாலும் இதே கதிதான். 2018-இல் வந்த ராஸ்பெர்ரி பை 3பி+ பலகையில் ஜிகாபிட் ஈதர்நெட் உண்டு. ஆனால் அது உள்ளே யூஎஸ்பி 2.0 வழியாகவே போவதால் 300 மெகாபிட்டுக்கு மேல் ஏறாது. அடுத்த ஆண்டு வந்த பை 4-இல்தான் முழு ஜிகாபிட் கிடைத்தது.

● முதலில் 110-இல் பறந்துவிட்டுப் பிறகு 30-க்கு விழுகிறதா? தொடக்கத்தில் நீங்கள் பார்த்தது நாஸின் ரேம் வாங்கிக்கொண்ட வேகம். அது நிரம்பிய பிறகு தெரிவதே வட்டின் உண்மை வேகம். சோதிப்பதானால் ரேமைவிடப் பெரிய ஃபைலை அனுப்பிச் சோதியுங்கள்.

● சில ஹார்டு டிஸ்க்குகளில் தரவுத் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். எஸ்எம்ஆர் என்பது இந்த முறையின் பெயர். ஒரு தடத்தைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். தொடர்ந்து எழுதினால் வேகம் படுத்துவிடும். நாஸுக்கென்றே விற்கப்பட்ட டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில வட்டுகள் இந்த வகை என்பது 2020-இல் தெரியவந்து பெரும் சர்ச்சையானது. அதன் பிறகு, தடங்கள் மேற்படியாத வட்டுகளுக்கு அந்நிறுவனம் ‘ரெட் பிளஸ்’ என்று தனிப் பெயர் வைத்தது.

● பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு 5-இல் ஒரு சின்னத் திருத்தம் செய்யப் பழைய தரவையும், ஒரு வட்டு போனாலும் தரவை மீட்க உதவும் பழைய பாரிட்டியையும் படித்து, புதிய இரண்டையும் எழுத வேண்டும். ஒரு வேலைக்கு நான்கு வேலை! பெட்டி உள்ளுக்குள் வட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டோ, மாற்றிய வட்டை நிரப்பிக்கொண்டோ இருந்தால் இன்னும் மந்தம். பேக்கப் நேரமும் இந்த வேலைகளின் நேரமும் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

● 10 ஜிபி சினிமா ஒன்றரை நிமிடத்தில் போகும். அதே 10 ஜிபிக்குச் சின்னச் சின்னப் படங்கள் என்றால் இழுத்தடிக்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் திற, பெயர் பதி, எழுது, மூடு என்று இரு பக்கமும் பேசியாக வேண்டும். ஃபைலுக்கு 10 மில்லிநொடி என்று வைத்தாலும், ஒரு லட்சம் ஃபைலுக்குப் பேச்சு மட்டுமே 16 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஜிப்பாகக் கட்டி அனுப்பினால் அந்தப் பேச்சு ஒரே முறைதான்.

● விண்டோஸுடனேயே வரும் ரோபோகாப்பி, ‘எம்டி’ என்ற கட்டளையைச் சேர்த்தால் ஒரே சமயத்தில் 8 ஃபைல்களை நகலெடுக்கும். 128 வரை கூட்டலாம். சின்ன ஃபைல் கூட்டத்துக்கு நல்ல மருந்து. ஒற்றைப் பெரிய ஃபைலுக்குப் பயன் இல்லை.

● நாஸுக்கு இரண்டு ஜிகாபிட் கேபிள் போட்டு இணைத்துவிட்டால் ஒரு காப்பி இரட்டை வேகத்தில் போய்விடாது. வழக்கமான லிங்க் அக்ரிகேஷனில் ஓர் இணைப்பின் பாக்கெட்டுகள் ஒரே கேபிளில்தான் போகும். பயன் தெரிவது பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதுதான். தனி ஆளுக்கு வேகம் வேண்டுமென்றால், நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் எஸ்எம்பி நெறிமுறையின் மல்டிசேனல் வசதி உதவும். கணினிப் பக்கமும் அதற்கேற்ற இணைப்பு இருக்க வேண்டும்.

● பல நாஸ் பெட்டிகளில் ஃபைல்களைப் பகிரும் சாம்பாவையும், மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் ஆர்சிங்கையும் தொடங்கியவர் ஒருவரே: ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். 1996-இல் வந்த ஆர்சிங்கில் பால் மக்கராஸ் அவருக்குக் கூட்டாளி. ஒரு நுணுக்கம்: நாஸைக் கணினியில் ஒரு டிரைவாக இணைத்துவிட்டு ஆர்சிங்கை ஓட்டினால், இரண்டையும் உள்ளூர் வட்டாக எண்ணி, மாறிய ஃபைலை முழுசாகவே அனுப்பும். முழுப் பலன் வேண்டுமானால் அது இரு பக்கமும் ஓட வேண்டும்.

● விண்டோஸை அப்டேட் செய்ததும் நாஸ் மந்தமானதா? 2024-இல் வந்த விண்டோஸ் 11 24எச்2-இன் புரோ, எண்டர்பிரைஸ் பதிப்புகளில் எஸ்எம்பி கையொப்பம் இயல்பமைப்பிலேயே கட்டாயமாகிவிட்டது. அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் முத்திரை வைத்துச் சரிபார்ப்பதால், பலவீனமான பிராசசர் உள்ள பெட்டி திணறும். நிறுத்தி வைத்தால் வேகம் கூடலாம். ஆனால் வழியில் யாரும் தரவை மாற்றவில்லை என்ற உறுதி போய்விடும்.

● மேக்கின் டைம் மெஷின் வேண்டுமென்றே அடக்கி வாசிக்கும். நீங்கள் செய்யும் வேலைக்கு இடைஞ்சல் வராமல் இருக்க, பின்னணியில் குறைந்த முன்னுரிமையுடன் ஓடும்படி அதை அமைத்திருக்கிறார்கள்.

● லேப்டாப்பும் நாஸும் ஒரே வைஃபை சேனலில் இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இருமுறை பயணிக்கிறது: லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து நாஸுக்கு. நாஸை மட்டுமாவது கேபிளில் மாட்டினால் பாதிச் சுமை குறையும்.

● கிளவுட் பேக்கப்பில் உங்கள் டவுன்லோடு வேகத்துக்கு மதிப்பே இல்லை. அப்லோடு வேகம்தான் கணக்கு. 20 மெகாபிட் அப்லோடு உள்ளவர் 1 டெராபைட் ஏற்ற, இடைவிடாமல் ஓடினாலும் நாலரை நாளுக்கு மேல் ஆகும். அடுத்த முறை மாறியவை மட்டுமே போவதால் முதல் முறைதான் பெரும் பாடு.

● எங்கே அடைப்பு என்று கண்டுபிடிக்க மூன்று சோதனை போதும். ஐபெர்ஃப் என்ற இலவசக் கருவி வட்டைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். அதில் குறைந்தால் கேபிள், சுவிட்ச், வைஃபை. அது சரியாக இருந்து பெரிய ஃபைல் இழுத்தால் வட்டு அல்லது பிராசசர். பெரிய ஃபைல் பறந்து சின்னவை இழுத்தால் ஃபைல் எண்ணிக்கை. மூன்றும் சரி, பேக்கப் மட்டும் மந்தம் என்றால் பெட்டியை மாற்றப் பணம் எடுக்காதீர்கள். பேக்கப் மென்பொருளின் செட்டிங்ஸைத் திறந்து, என்கிரிப்ஷன், கம்ப்ரஷன், வேக வரம்பு மூன்றையும் பாருங்கள்.